பதினொரு லேப்டாப்பும் ஒரு பழைய கேட் பாஸும்

எங்கள் காலனி கமிட்டி செக்ரட்டரி அங்கிளிடம் ஒரு ஃபாரம் உண்டு. அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பது. வரிசை எண், வேலை, பொறுப்பு, பென்டிங் என்று நான்கு கட்டம். தண்ணீர்த் தொட்டி கழுவுவதில் இருந்து விநாயகர் பந்தல் வரைக்கும் எந்த வேலையும் அந்த ஃபாரம் வழியாகத்தான் போகும். கடைசிக் கட்டத்தில் பாக்கி ஏதுமில்லை என்பதற்கு 'நில்' என்று எழுதும் வரை அவருக்குச் சோறு இறங்காது. மௌலா அலியில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆகும் வரை வேலை பார்த்தவர். ஊர் திருநெல்வேலி. ஹைதராபாத்துக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் நாக்கு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை. அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில்கூட அந்த ஃபாரம் ஒட்டியிருக்கிறது என்று நான் காலனி முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். சும்மா கிண்டலுக்குச் சொன்னது. ஒரு நாள் போய்ப் பார்த்தால் நிஜமாகவே ஒட்டியிருந்தது.

என்னை அவர் 'ஏல' என்று கூப்பிட்டால் பிரியமாக இருக்கிறார் என்று அர்த்தம். 'தம்பி' என்றால் கோபம். இந்தக் கதையில் அவர் என்னை மூன்று தடவை தம்பி என்று கூப்பிட்டார்.

கதை என் அக்காவுடையது. அக்கா எங்கள் வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். வீடு இரண்டு அறை, பிள்ளைகள் பதினாலு. ஒரு பெண் வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்துதான் கணக்குப் போடுவாள். அம்மா துணி போட்டுவிட்டால் அவள் எழுத்து அப்படியே நடுங்கும். அக்கா தமிழில் கேள்வி கேட்பாள். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ ஹிந்தியிலோ வரும். அந்தச் சத்தம் தாங்காமல் வீட்டு ஓனர், மாசக் கடைசிக்கு மேல் டியூஷன் இங்கே கூடாது என்று சொல்லிவிட்டார்.

காலனி ஹாலை ஒட்டி ஒரு பக்க அறை இருந்தது. அதில் கேரம் ஆடுகிறவர்கள் செட் ஒன்று குடியிருந்தது. அவர்களுக்குத் தலைவர் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். ஆள் கதவு அகலம். ஆனால் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் விரல் பூ மாதிரி. அந்த அறையை அக்கா கேட்டாள். கமிட்டி யோசித்து, சும்மா டியூஷன் என்றால் கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் ரூம் என்றால் கொடுக்கலாம் என்றது. அக்கா விடவில்லை. டியூஷனுக்கு வரும் ஒரு பையனின் அப்பா நாச்சாரத்தில் ஒரு ஃபேக்டரி ஆபீசில் இருந்தார். அங்கே பழசாகி ஒதுக்கி வைத்திருந்த லேப்டாப் பதினொன்றை அவரிடம் கேட்டு வாங்கிவிட்டாள். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, மூடியில் ஸ்டிக்கர் பிய்த்த பசை. உள்ளே பழைய விண்டோஸ். புது விண்டோஸ் அதில் ஏறாது. பழையதை வைத்துக்கொண்டால் அது நடக்கிற வேகத்தில் பிள்ளைகள் பத்தாவதே முடித்துவிடுவார்கள்.

"லினக்ஸ் போட்டா பறக்கும்" என்று சொன்னது நான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுவது, காசு கிடையாது, எல்லாருக்கும் பொது. வாய் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கமிட்டி வந்து பார்க்கும், பதினொன்றும் ஓடினால் அறை அக்காவுக்கு, இல்லையென்றால் கேரம் போர்டு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று முடிவானது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: டிப்ளமோவை இரண்டாம் வருஷத்தில் நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி. அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டருக்குக் கீழே லேப்டாப் ரிப்பேர் கடையில் வேலை. மேலே பாடம் படிக்கிறவர்கள் கீழே வந்து என்னிடம் லேப்டாப்பை எழுப்பிக்கொண்டு போவார்கள். என்னிடம் ஒரு நீலப் பென்டிரைவ் இருந்தது. மூடி தொலைந்துபோய்ச் சிவப்புக் கயிறு கட்டியது. அதில் லினக்ஸ். நான் கடையில் சேர்ந்த வாரம் ஏற்றியது. அன்றிலிருந்து எத்தனை லேப்டாப்பை அது எழுப்பியிருக்கும் என்று எனக்கே தெரியாது. குளிக்கும்போதுகூட அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் குளிப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கிள் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு டெமோ காட்டினேன். லேப்டாப் பதினொன்றும் அவர் வீட்டில்தான் இருந்தன, பாதுகாப்புக்காக. அவர்தானே செக்ரட்டரி.

அதற்கு முன்னால் ஒரு சின்னச் சிக்கல் கண்ணில் பட்டது. லேப்டாப்பின் அடிமட்ட செட்டிங்குக்குள் போகலாம் என்றால் பாஸ்வேர்டு கேட்டது. ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்ட ஆள் போட்டது. அவர் வேலையை விட்டு எங்கோ வெளிநாடு போய்விட்டாராம். பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது.

"அதனால என்னல?" என்றார் அங்கிள்.

"உங்க ஃபேக்டரி கேட்ல செக்யூரிட்டி நிப்பாரு இல்ல அங்கிள், அந்த மாதிரி இதுக்குள்ளயும் ஒருத்தர் உக்காந்திருக்காரு. ஆன் பண்ணதும் முதல்ல அவருதான் எந்திரிப்பாரு. விண்டோஸ் வந்தாலும் லினக்ஸ் வந்தாலும் பாஸ் காட்டுன்னு கேப்பாரு. பாஸ்ல கையெழுத்து சரியா இருந்தாதான் உள்ள விடுவாரு. அதுக்குப் பேரு செக்யூர் பூட்."

"நல்ல ஏற்பாடுதான?"

"நல்ல ஏற்பாடுதான். வேணாம்னா செட்டிங்குல போயி அவர வீட்டுக்கு அனுப்பிரலாம். ஆனா அந்த ரூமுக்குத்தான் பாஸ்வேர்டு. ஸோ, அவரு இருப்பாரு."

"கையெழுத்து யாரு போடுதா?"

"விண்டோஸ் பண்றவங்கதான்."

"லினக்ஸுக்குமா?"

"லினக்ஸுக்கும்தான்."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். "ஏல, லினக்ஸு எல்லாருக்கும் பொதுன்னு இப்பதான சொன்ன? பொதுச் சொத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் எதுக்குல கையெழுத்துப் போடுதான்?"

நல்ல கேள்வி. அமீர்பேட்டில் மேல் மாடியில் படிக்கும் ஒருத்தரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு பைசா கிடையாது என்று மார்தட்டுகிற சாமான், கேட்டுக்கு வந்ததும் வேறொருத்தர் கையெழுத்தைக் காட்டித்தான் உள்ளே போகிறது. லேப்டாப் செய்கிறவர்கள் எல்லாரிடமும் மாதிரிக்கு இருப்பது அந்த ஒரு கையெழுத்துதான் என்று விளக்கினேன். "அதனால லினக்ஸ்காரங்க ஒரு குட்டி புரோகிராம் எழுதி அதுக்கு மட்டும் கையெழுத்து வாங்கிப்பாங்க. அது உள்ள போனதும் பின்னாடியே மத்தவங்கள கூட்டிட்டுப் போயிடும். ஒரு கல்யாணப் பத்திரிகைய காட்டிட்டு எட்டுப் பேரு சாப்பிடப் போற மாதிரி."

"நீ அப்படித்தான் போவ" என்றார் அங்கிள்.

பென்டிரைவைச் சொருகினேன். லினக்ஸ் ஜம்மென்று எழுந்தது. அக்கா கை தட்டினாள். அங்கிள் ஃபாரத்தை எடுத்து எழுதினார்: லினக்ஸ் ஏற்றுதல், எண்ணிக்கை பதினொன்று, பொறுப்பு நான், பென்டிங். ஞாயிறு காலையில் வந்து ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சனிக்கிழமை எனக்குக் கடை உண்டு.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பதினொன்றையும் பக்க அறைக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தோம். கேரம் போர்டைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதைத் துண்டால் மூடியிருந்தார்கள், திரும்பி வரப்போகிறவர்கள் மாதிரி.

முதல் லேப்டாப்பில் பென்டிரைவைச் சொருகி ஆன் செய்தேன். கறுப்புத் திரை. மேலே இரண்டு வரி வெள்ளை எழுத்து. பட்டென்று அணைந்துவிட்டது.

சரி, ஒன்று கெட்டுப்போயிருக்கும். இரண்டாவது. அதே கறுப்பு, அதே இரண்டு வரி, அதே 'பட்'. மூன்றாவது. வெள்ளிக்கிழமை டெமோ காட்டிய அதே லேப்டாப்பைத் தேடி எடுத்துப் போட்டேன். அதுவும் என்னை முன்பின் பார்த்ததில்லை என்றது.

"என்னடா எழுதியிருக்கு அதுல?" என்றாள் அக்கா.

"அது சும்மா ஏதாவது எழுதும்."

எனக்கு அந்த மாதிரி எழுத்து எல்லாம் படம்தான். கடையில் திரையின் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேன்; நீலம் என்றால் இது, கறுப்பு என்றால் அது. படித்துப் பார்த்து வைத்தியம் செய்ததே இல்லை. அக்கா என்னைத் தள்ளிவிட்டு நான்காவது லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து, அணைவதற்குள் படித்தாள்.

"செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்னு போட்டிருக்கு. ஏதோ பெரிய தப்பு நடந்துடுச்சுன்னு வேற எழுதியிருக்கு."

'வயலேஷன்' என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலியில் இருந்த அங்கிள் எழுந்து நின்றுவிட்டார். "யாரு பேரு போட்டிருக்கு?"

"பேரு எல்லாம் போடல அங்கிள்."

"என் வீட்டுல இருந்த மிஷினு. என் பேர்லதான் வரும்."

"உங்கள அரெஸ்ட் பண்ண வரும்போது நான் சாப்பாடு கொண்டுவரேன் அங்கிள், கவலப்படாதீங்க" என்றேன்.

"தம்பி, வேலையப் பாரு." அது முதல் தம்பி.

வேலையைப் பார்த்தேன். அதாவது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு லேப்டாப்பின் அடிவயிற்றைத் திறந்தேன். உள்ளே நாணயம் மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கும். அதைக் கழற்றி வைத்தால் சில லேப்டாப்புகளில் பாஸ்வேர்டு மறந்துபோகும். பாஸ்வேர்டு போனால் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம். காவல்காரரே இல்லையென்றால் பாஸ் எதற்கு? அரை மணி நேரம் கழித்து மாட்டி ஆன் செய்தேன். காவல்காரர் பாஸ்வேர்டை மறக்கவில்லை. இன்றைக்கு என்ன தேதி என்பதை மட்டும் மறந்திருந்தார்.

ஜன்னலில் கேரம் அண்ணன் முகம் தெரிந்தது. ஜன்னல் முழுக்கத் தெரிந்தது.

"என்ன தம்பி, ஆச்சா? ஹவ்வா நக்கோவா, ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லு. போர்டுக்குப் பவுடர் டப்பா வாங்கணும்."

"அண்ணே, நீங்க ஜன்னல விட்டு நகந்தா வெளிச்சம் வரும், வெளிச்சம் வந்தா வேல ஆகும்."

"அரே, கைக்கு? எதுக்கு இப்படி சிடுசிடுங்கிற? நான் கேட்டேன், அவ்வளவுதான்." சிரித்துக்கொண்டே போனார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வருவேன் என்று விரலால் காட்டிவிட்டுப் போனார்.

அக்கா திட்டினால் எனக்குப் பழக்கம், பதில் வைத்திருப்பேன். ஆனால் அவள் அறையின் மூலையில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்காக வாங்கி வந்த பாயை விரித்தாள். திரும்பச் சுருட்டினாள்.

"பிள்ளைங்ககிட்ட நாளைக்கு இங்க வரச் சொல்லிட்டேன்டா. வீட்டுக்கு வராதீங்கன்னும் சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு கிண்டலும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஆவது அபூர்வம். பென்டிரைவைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தேன். வெள்ளிக்கிழமை உள்ளே விட்ட காவல்காரர் ஞாயிற்றுக்கிழமை ஏன் விடமாட்டேன் என்கிறார்? நடுவில் இருந்தது சனிக்கிழமை மட்டும்தான்.

"நேத்து யாராவது இத தொட்டாங்களா அங்கிள்?"

"தொட்டானுவளாவா?" அங்கிள் சட்டைப் பையில் இருந்து ஃபாரத்தை எடுத்து விரித்தார். முகத்தில் பெருமை. "காலைல ஆறு மணிக்கு உக்காந்தேன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் எந்திரிக்கல. பாரு."

பார்த்தேன். வரிசை எண் இரண்டு: விண்டோஸ் அப்டேட், எண்ணிக்கை பதினொன்று, பொறுப்பு செக்ரட்டரி. கடைசிக் கட்டத்தில் நில். அடியில் இரண்டு கோடு.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை அங்கிள் ஒரு லேப்டாப்பைத் தூசி தட்டும்போது திறந்து பார்த்திருக்கிறார். திரையின் மூலையில், அப்டேட்டுகள் பென்டிங் என்று ஒரு குட்டி எழுத்து. பென்டிங். அந்த ஒரு சொல்லை மட்டும் விண்டோஸ் போடாமல் இருந்திருக்கலாம். வீட்டில் ஃபைபர் நெட் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கும் மகளோடு பேசுவதற்குப் போட்டது. அத்தனையையும் டைனிங் டேபிளில் பரப்பி, ஒவ்வொன்றாக அப்டேட் செய்து, அணைத்து, ஏற்றி, அது இன்னொரு பென்டிங் காட்டினால் அதையும் செய்து, பதினொன்றையும் முடித்திருக்கிறார். ஆன்ட்டி அன்றைக்குக் கிச்சன் மேடையில் நின்றுகொண்டே சாப்பிட்டாராம்.

"அங்கிள், இன்னைக்கு விண்டோஸ அழிக்கத்தான போறோம். அழிக்கப் போறத எதுக்கு அப்டேட் பண்ணீங்க?"

"ரிலீவ் ஆகுதவன் டேபிளக் கிளியர் பண்ணிட்டுத்தாம்ல போணும். நாளைக்கு ஒருத்தன் வந்து, உங்க காலத்துல இவ்வளவு பென்டிங்னு ஒரு பேச்சுப் பேசிரக் கூடாது பாரு."

அக்கா பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளையவே மாத்தப் போறோம், நீங்க பழைய மாப்பிள்ளைக்கு ஷேவிங் பண்ணி விட்டிருக்கீங்க" என்றேன்.

"தம்பி." இரண்டாவது. அங்கிள் நிஜமாகவே புண்பட்டுவிட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். எங்களிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், ஜன்னல் கம்பியிடம் சொல்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"இதே மாதிரிதான் அன்னைக்கும். ஒரு குத்தமும் செய்யாதவன வாசல்ல நிறுத்துனானுவ. என் பாஸ்ல போட்டோ என்னுது, கையெழுத்து சரி, சீலு சரி. கேட்ல நிக்கவன் தெனமும் எங்கூட டீ குடிக்கவன். உள்ள விட மாட்டேங்கான்."

"ஏன் அங்கிள்?" என்று அக்கா கேட்டாள், ஆறுதலுக்கு.

"எவனோ பழைய பாஸப் பாத்துக் கள்ளப் பாஸ் அடிச்சிட்டான். அதனால அந்த சீரிஸயே மொத்தமா கேன்சல் பண்ணிட்டானுவ. முந்தின நாளு சாயங்காலம் கேட்டுக்கு லிஸ்டு வந்திருக்கு. எனக்கு ஆரு சொன்னா? 'உங்க மூஞ்சி எனக்குத் தெரியும் சார், கையெழுத்தும் செல்லும், ஆனா சீரிஸு செல்லாது'ங்கான். ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். அந்தப் பாஸ இன்னும் வச்சிருக்கேன்." பர்ஸைத் திறந்து எடுத்தே காட்டிவிட்டார். ஓரம் மங்கிய அட்டை. மீசையோடு ஓர் அங்கிள்.

நான் அந்த அட்டையைப் பார்த்தேன். கையில் இருந்த நீலப் பென்டிரைவைப் பார்த்தேன்.

"அங்கிள். லிஸ்டு எப்ப வந்துச்சுன்னீங்க?"

"முந்தின நாளு."

"நேத்துதான."

"ஏல, அது எப்பமோ நடந்தது."

"அது இல்ல அங்கிள், இது. நேத்து நீங்க பதினோரு தடவ லிஸ்ட கொண்டுபோய் காவல்காரர் கையில குடுத்திருக்கீங்க."

எனக்கே அப்போதுதான் விளங்கியது. பழைய லினக்ஸின் அந்தக் குட்டி புரோகிராமில் எப்போதோ ஓட்டை கண்டுபிடித்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கள்ளன் உள்ளே வரலாம். அதனால் அந்த சீரிஸையே செல்லாது என்று பட்டியல் போட்டு, அப்டேட்டோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அங்கிள் செய்த அப்டேட் அதைக் காவல்காரரிடம் சேர்த்துவிட்டது. கையெழுத்து சரி. ஆள் நல்ல ஆள். சீரிஸ் செல்லாது. லினக்ஸ்காரர்களும் சும்மா இல்லை. ஓட்டையை அடைத்து, புதுக் கையெழுத்து வாங்கி, புதுப் பதிப்பு எப்போதோ விட்டிருப்பார்கள். எடுத்துக்கொள்ள வேண்டிய ஆள் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டு அமீர்பேட்டில் திரிந்துகொண்டிருந்தான்.

அதாவது, பென்டிங் என் பேரில் இருந்தது. அதை நான் அங்கிளிடம் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார்.

"அப்ப நீதான் அப்டேட் பண்ணல."

"கேட்ல நின்ன அன்னைக்கு அப்புறம் என்ன பண்ணீங்க அங்கிள்?"

"பேச்ச மாத்தாத. பாஸ் செக்ஷன்ல போயி புது பாஸ் வாங்குனேன். அங்கயும் லஞ்ச் டைமுன்னுட்டான்."

"நம்மளும் அதத்தான் பண்ணப் போறோம். உங்க ஃபைபர் வேணும். லஞ்சும் வேணும்."

ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கிள் வீட்டுக்கு ஓடினோம். அப்டேட் செய்த விண்டோஸ் நன்றாகவே நடந்தது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புது லினக்ஸ் இறங்க ஆரம்பித்தது. ஆன்ட்டி புளியோதரையும் அப்பளமும் வைத்தார். அப்பளம் முடிவதற்குள் இறங்கிவிட்டது. உடனே பென்டிரைவில் ஏற்றப் போனேன்.

"நில்லு" என்றார் அங்கிள். லினக்ஸ் இறக்கிய பக்கத்தை அவர் கடைசி வரி வரைக்கும் படித்திருந்தார். இறக்கியது அசல்தானா என்று சரிபார்க்க அங்கே ஒரு நீள நம்பர் கொடுத்திருந்தார்கள். எழுத்தும் எண்ணும் கலந்து, அனுமார் வால் மாதிரி. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டியதை நான் படிக்க, பக்கத்தில் இருந்ததை அவர் விரல் வைத்துச் சரிபார்க்க, அறுபத்து நான்கு எழுத்து. நடுவில் ஆன்ட்டி மோர் வேண்டுமா என்று கேட்டதில் அங்கிள் விரல் நழுவி, முதலில் இருந்து இன்னொரு தடவை.

"சரியா இருக்கு. ஏத்து."

ஏற்றினேன். திரும்ப ஓடினோம். முதல் லேப்டாப், பென்டிரைவ், ஆன். நான் திரையைப் பார்க்கவில்லை, அக்கா முகத்தைப் பார்த்தேன். அதில் வெளிச்சம் விழுந்தது.

பிறகு கல்யாணப் பந்தி மாதிரிதான். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. நானும் அக்காவும் ஏற்ற, அங்கிள் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் ஒட்ட, ஜன்னலில் கேரம் அண்ணன் மணிக்கு ஒரு தடவை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். நாலு மணிக்குப் பத்து தயார். பதினொன்றாவதில் லினக்ஸ் ஏறியது, ஆனால் வைஃபை இல்லை. அதில் மட்டும் வைஃபை சிப் வேறு. அதற்குத் தனியாக ஒரு டிரைவர் புரோகிராம் போட வேண்டும், அதற்குப் பக்கத்து வீட்டுக் கையெழுத்து கிடையாது.

"அப்ப?" என்றாள் அக்கா.

"இதுக்கு நம்மளே போடலாம்."

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். லேப்டாப்பில் நாமே ஒரு கையெழுத்தை உண்டாக்கி, ஒரு பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு, அணைத்துப் போட வேண்டும். மறுபடி எழும்போது ஒரு நீலத் திரை வந்து, இந்தக் கையெழுத்தைச் சேர்க்கச் சொன்ன சொந்தக்காரர் நீர்தானா என்று கேட்கும். ஆள் நேரில் உட்கார்ந்து, ஆமாம் என்று சொல்லி, அதே பாஸ்வேர்டை அடித்தால் லினக்ஸின் அந்தக் குட்டி புரோகிராம் நம் கையெழுத்தையும் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும். கேட்டுக்கு உள்ளே நமக்கும் ஒரு நாற்காலி.

"சொந்தக்காரர் யாரு?" என்று கேட்டேன்.

அக்கா அங்கிளைப் பார்த்தாள். அங்கிள் சட்டையைச் சரிசெய்துகொண்டார். பாஸ்வேர்டு அடிப்பதற்காக எங்கள் இரண்டு பேரையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வைத்தார். ஜன்னலில் நின்ற அண்ணனையும்.

மறுபடி ஆன் செய்தோம். நீலத் திரை வந்தது. ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கச் சொல்லிப் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணியது. அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மேல் வரியில் இருந்து படிக்க ஆரம்பித்தார். எதையும் முழுக்கப் படிக்காமல் கை வைக்காத மனிதர். மூன்று, இரண்டு, ஒன்று. நீலம் போய்விட்டது. வைஃபை இல்லை.

திரும்பப் பாஸ்வேர்டு, திரும்பச் சுவர், திரும்ப ஆன். "அங்கிள், முதல்ல அமுக்கிடுங்க, அப்புறம் படிங்க."

"படிக்காம எப்படில அமுக்க?"

போய்விட்டது. மூன்றாவது தடவை கேரம் அண்ணனே ஜன்னலில் இருந்து கத்திவிட்டார். "அங்கிள், ஸ்ட்ரைக்கர் கையிலயே இருக்கு, விடுங்க." விடவில்லை. மணி நாலே முக்கால்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "தம்பி" என்றார் அங்கிள். மூன்றாவது.

அக்காதான் வழி கண்டாள். நான்காவது தடவை அந்த நீலத் திரை வந்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்தாள். அது போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, போனை அங்கிள் கையில் கொடுத்தாள். "நிதானமா படிங்க அங்கிள். அவசரமே இல்ல." அங்கிள் நாற்காலியில் சாய்ந்து, படத்தைப் பெரிதாக்கி, முழுக்கப் படித்தார். இரண்டு சந்தேகம் கேட்டார். அக்கா பதில் சொன்னாள். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்பம் போடு."

ஐந்தாவது தடவை நீலத் திரை பத்து என்று எண்ணுவதற்குள் அமுக்கினார். சேர்க்கவா? சேர். நிச்சயமா? நிச்சயம். பாஸ்வேர்டை ஒற்றை விரலால் அடித்தார். லேப்டாப் எழுந்தது. மூலையில் வைஃபை கோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று நிரம்பியது. கேரம் அண்ணன் ஜன்னலுக்கு வெளியில் ஒரு சுற்றுச் சுற்றினார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. அறை அவர் கையை விட்டுப் போகிற நேரம் அது.

ஐந்து பத்துக்குக் கமிட்டி வந்தது. பதினாலு பிள்ளைகளும் சொல்லாமலே வந்துவிட்டார்கள். லேப்டாப்புக்கு ஒன்றாக உட்கார்ந்ததுபோக மீதி மூன்று பேர் யார் தோளிலாவது தொங்கினார்கள். வாஷிங் மெஷின் பெண், "அக்கா, இது ஆடல" என்று தமிழிலேயே சொன்னாள். பிரசிடென்ட் பதினொன்றையும் எண்ணி, அறை இனிமேல் அக்காவுக்கு என்று சொன்னார். அக்கா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அவளாகவே, ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் இல்லை, அன்றைக்குப் போர்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் பவுடர் டப்பா வாங்கக் கிளம்பிவிட்டார்.

அங்கிள் எல்லார் முன்னாலும் ஃபாரத்தை விரித்தார். லினக்ஸ் ஏற்றுதல், பதினொன்று. பேனாவை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் 'நி' என்று எழுதினார்.

அந்த நேரம் பார்த்து, புத்தம் புது லினக்ஸ் முதல் லேப்டாப்பின் மூலையில் ஒரு குட்டிக் கட்டம் காட்டியது. பிறகு இரண்டாவதில். பிறகு வரிசையாகப் பதினொன்றிலும். அப்டேட்டுகள் வந்திருக்கின்றன.

அங்கிள் பேனா அப்படியே நின்றது. அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

"அங்கிள், நக்கோ" என்றாள் அக்கா, சாவியைப் பிடித்துக்கொண்டு.

"பண்ண வேண்டியதுதான்க்கா" என்றேன் நான். என் வாயில் இருந்து அப்படி ஒரு சொல் வந்ததில் எனக்கே ஆச்சரியம். "ஆனா கமிட்டி போனதுக்கு அப்புறம்."

அங்கிள் கொஞ்சம் யோசித்து 'ல்' போட்டு முடித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கமிட்டியை வாசல் வரை மிகுந்த மரியாதையோடு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே வழியனுப்பினார். திரும்பி வந்து முதல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். படிக்க ஆரம்பித்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் ஒரு பக்கம் ஸ்ட்ரைக்கர் சத்தமும் இன்னொரு பக்கம் அங்கிள் அப்டேட் செய்கிற சத்தமும் கேட்கும். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு புது ஃபாரம் ஒட்டியிருக்கிறது. வேலை: பென்டிரைவ் புதுப்பித்தல். பொறுப்பு: என் பேர். அதை நான் காலனியில் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லிவிட்டார்.